வண்டிக்கு செட் மாட்டுவது பற்றி கம்பத்திலும் குமுளியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் சின்னதாக ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர், குமுளி டாக்சி டிரைவர், வண்டிப்பெரியாறு தேயிலைக்காரர், புதுக்கார் எடுத்த வாத்தியார் என்று யார் வந்தாலும் கேட்பது கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான். செட் என்றால் டேஷ்போர்டில் உட்கார்ந்து பாடும் கார் ஸ்டீரியோ. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பதில் மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதியது.

அண்ணே, கம்பெனியில வந்த செட்டே பாடுதே. அதை எதுக்கு மாத்தணும்?

நன்றாகப் பாடுகிறது என்று உங்கள் காது சொன்னால் மாற்றவே வேண்டாம். எனக்கு வியாபாரம் போகும், பரவாயில்லை. சத்தம் ஏற்றினால் கிழிகிறது, பேச்சு புரிந்தாலும் பாட்டில் உயிர் இல்லை என்று தோன்றினால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் செட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஸ்பீக்கரைப் பாருங்கள். வண்டிக் கம்பெனிகள் குறைந்த மாடல்களில் வைப்பது மெல்லிசான காகிதக் கூம்பும் கைக்குள் அடங்கும் காந்தமும் உள்ள ஸ்பீக்கர்தான்.

ஒரு சோதனை சொல்கிறேன். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடுங்கள். எஞ்சின் ஓடட்டும், கண்ணாடி மூடியிருக்கட்டும். சத்தத்தை மூன்றில் இரண்டு பங்கு ஏற்றுங்கள். கிழிந்தால் பேஸை (அடி ஒலியை) மட்டும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறக்குங்கள். உடனே தெளிந்துவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் ஸ்பீக்கர். தெளியவில்லை என்றால் செட்டைச் சந்தேகப்படலாம்.

சிங்கிள் டின், டபுள் டின்னு சொல்றாங்களே, என்னது அது? என் வண்டிக்கு எது பொருந்தும்?

டின் என்பது ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பின் சுருக்கப் பெயர். டேஷ்போர்டில் செட் உட்காரும் ஓட்டையின் அளவை அவர்கள் வரையறுத்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சிங்கிள் டின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டபுள் டின் அதே அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் 200 மில்லிமீட்டர் அகல ஓட்டை இருக்கும். அதில் சாதாரண டபுள் டின்னை வைத்தால் இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி விழும், ஓரத்துக்குத் தனிச் சட்டம் வாங்க வேண்டும்.

இப்போது வரும் 9, 10 இன்ச் திரைகளுக்கு இந்தக் கணக்கு இல்லை. ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் தனிச் சட்டம் வருகிறது. சட்டம் சரியாகக் கிடைக்காத மாடலுக்குப் பெரிய திரை வாங்காதீர்கள். டேஷ்போர்டை அரத்தால் ராவி மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இருபதாயிரம் வச்சிருக்கேன். எதுக்கு எவ்வளவு போடுறது?

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பதினைந்தாயிரத்தைத் திரைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஸ்பீக்கரும் கூலியும் கேட்பார்கள். கண்ணுக்கு விருந்து, காதுக்குப் பட்டினி. நான் பிரிப்பது இப்படி: முன்கதவு ஸ்பீக்கருக்கு எட்டாயிரம், செட்டுக்கு ஏழாயிரம், கதவுக்குள் ஒட்டும் அதிர்வு தாங்கும் ஷீட்டுக்கும் நல்ல வயருக்கும் மூவாயிரம், மிச்சம் கூலி. பின்கதவில் கம்பெனி ஸ்பீக்கரே இருக்கட்டும். ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் முன்னால் இருந்துதான் பாட்டு வர வேண்டும்.

அந்த ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பியூட்டைல் ரப்பரில் வருவதை வாங்குங்கள். தார் கலந்த மலிவு ஷீட் சித்திரை வெயிலில் இளகி, கதவுக்குள் வழிந்து, ரோடு போடும் வாடை அடிக்கும்.

டப்பாவுல 50×4 வாட்ஸ்னு போட்டிருக்கு. அவ்வளவு சத்தம் வரலையே?

வராது. அந்த 50 என்பது ஒரு கண நேர உச்சம். செட்டுக்குள் இருக்கும் சில்லுக்கு வண்டி தருவது ஏறக்குறைய 14 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் ஒரு சேனலுக்குத் தொடர்ந்து கொடுக்க முடிவது சுமார் 20 வாட்ஸ்தான். இந்தத் தொடர்ச்சியான அளவுக்குப் பெயர் ஆர்எம்எஸ். எந்தப் பிரபல பெயர் போட்ட செட்டாக இருந்தாலும், உள்ளே தனி பவர் சப்ளை இல்லாத வரை இதே கதைதான்.

ஸ்பீக்கர் டப்பாவிலும் பெரிய எழுத்தில் உள்ள 300, 500 எல்லாம் உச்சக் கணக்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் இருக்கும். தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) வைக்காமல் செட்டிலிருந்தே ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த வாட்ஸுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. டெசிபலில் போட்டிருப்பார்கள். 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், அதே சத்தத்தைப் பாதி வாட்ஸில் கொடுத்துவிடும். கையில் இருப்பதே 20 வாட்ஸ் என்னும்போது 92 டெசிபல் ஸ்பீக்கர் 88-ஐ விட நல்ல துணை.

ரவுண்டா, ஓவலா? காம்போனென்ட்டுன்னு வேற ஒண்ணு சொல்றாங்க.

முன்கதவில் பெரும்பாலான வண்டிகளுக்கு 6.5 இன்ச் ரவுண்டு. ஓவல் என்பது 6×9 இன்ச், பின்னால் பார்சல் ட்ரேயில் வைப்பது. பரப்பு பெரிசு என்பதால் பேஸ் கொஞ்சம் கூடும். ஆனால் ஹேட்ச்பேக்கில் அந்த ட்ரேயே அட்டை, பாட்டோடு சேர்ந்து அதுவும் பாடும். வண்டி தூக்கிப் போட்டால் அந்த ஸ்பீக்கர் பின்சீட்டில் இருப்பவர் தலையில்தான் வந்து விழும் என்பதையும் யோசியுங்கள். காந்தத்தோடு கனமான சாமான்.

கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்தான் ட்வீட்டர். அது பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தால் கோஆக்ஸியல். ட்வீட்டரைத் தனியாக எடுத்து, கண்ணாடிப் பக்க முக்கோணத்தில் வைக்கும்படி வந்தால் காம்போனென்ட். கதவின் அடியில், முழங்கால் பக்கம் கிடக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும் கீச்சு ஒலி உங்கள் காலுக்குத்தான் கேட்கும். ட்வீட்டர் மேலே வந்தால் பாடகர் டேஷ்போர்டு மேல் நின்று பாடுவது போல இருக்கும். காசு இடம் கொடுத்தால் காம்போனென்ட்.

ஆண்ட்ராய்டு திரை போடலாமா? பக்கத்து வீட்டுல போட்டிருக்காங்க, சூப்பரா இருக்கு.

திரை இரண்டு வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உள்ளேயே ஆண்ட்ராய்டு ஓடும் டேப்லெட் மாதிரி திரை. இன்னொன்று, உங்கள் போனை மாட்டியதும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்ப்ளேயைக் காட்டும் செட். முதல் வகையில் மலிவான திரைகளின் பிரச்சினை வயசு. வாங்கிய அன்று வேகமாக இருக்கும். இரண்டு வருஷத்தில் மேப் திறக்கவே யோசிக்கும். அப்டேட் வராது. செட்டிங்ஸில் போட்டிருக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பும் ரேமும் சில சமயம் வெறும் எழுத்து, உள்ளே இருப்பது வேறு. இரண்டாவது வகையில் மூளை உங்கள் போன். போனை மாற்றினால் செட்டும் புதுசானது போலத்தான்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள், சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு திருகு குமிழ் இருக்கட்டும். குமுளி ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டே கண்ணாடித் திரையில் விரலால் சத்தம் குறைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சேட்டா, மச்சான் வெளிநாட்டுல இருந்து செட் கொண்டு வந்தான். எல்லாம் பாடுது, எஃப்எம் மட்டும் சரியா வரலை. ஏன்?

குமுளி, கட்டப்பனைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் இந்தக் கேள்வி மாதம் ஒன்றாவது வரும். எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. வளைகுடாவிலிருந்து வந்தால் பயமில்லை. அங்கேயும் எஃப்எம் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரைதான். ஜப்பானில் விற்ற செட் என்றால் கதை வேறு. அங்கே எஃப்எம் 76-இல் தொடங்குகிறது. பழைய செட்டுகள் 90-உடன் நின்றுவிடும், புதியவை 95 வரை போகும். கொடைக்கானல் வானொலியான நம் கோடை பண்பலை இருப்பது 100.5-இல். அந்தச் செட் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

அமெரிக்கச் செட் இன்னொரு வேடிக்கை. அங்கே நிலையங்கள் 87.9, 88.1, 88.3 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில்தான் இருக்கும், செட்டும் அப்படித்தான் தாவும். அதனால் 100.5 அழகாகக் கிடைக்கும். மதுரைப் பக்கம் போய் 106.4 தேடினால் 106.3-உம் 106.5-உம்தான் வரும், இரண்டிலும் கரகரப்பு. மத்திய அலையிலும் இதே கூத்து. அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்ஸ் தாவல், இங்கே 9. மதுரை வானொலியின் 1269 அதில் சரியாக விழாது. கடாசிவிட வேண்டாம். செட்டிங்ஸில் ஏரியா அல்லது ரீஜன் என்று ஒன்று இருக்கும், அதை ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் பல செட்டுகள் சரியாகிவிடும். ஜப்பான் செட்டுக்கு மட்டும் பெரும்பாலும் அந்த வழி இல்லை.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினதும் கோடை எஃப்எம் போயிடுது. ஏரியல் மாத்தணுமா?

எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போவது. கொடைக்கானல் உச்சியிலிருந்து பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு உள்ளங்கை மாதிரி விரிந்து கிடக்கும், அதனால்தான் இங்கே அவ்வளவு தெளிவு. மலைக்குள் நுழைந்து அடுத்த பக்கம் இறங்கினால் நடுவில் ஒரு மலையே நிற்கிறது. எந்த ஏரியலும் மலையைத் துளைக்காது.

கம்பத்துச் சமவெளியிலேயே இரைந்தால் மட்டும் ஏரியலைப் பாருங்கள். கூரை ஏரியலில் பூஸ்டர் உள்ள வண்டிகளுக்கு செட்டிலிருந்து நீல வயர் வழியாக 12 வோல்ட் போக வேண்டும். செட் மாற்றும்போது அதை இணைக்காமல் விட்டுவிடுவது ரொம்பச் சாதாரணமான தப்பு.

பென்டிரைவ்ல ஆயிரம் பாட்டு இருக்கு. செட் எடுக்கவே மாட்டேங்குது. எடுத்தாலும் பேரு கட்டம் கட்டமா வருது.

முதல் பாதிக்குக் காரணம் ஃபார்மட், அதாவது பென்டிரைவ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. 64 ஜிபி, அதற்கு மேல் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வரும். பழைய செட்டுகளுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்தது. கட்டம் கட்டமாக வருவது, செட்டில் தமிழ் எழுத்துரு இல்லாததால். பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினால் சரி. ஃபைல் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, ஃபைலுக்குள் பாட்டின் பெயர் பதிந்திருக்கும் டேக்கையும் மாற்ற வேண்டும்.

கூடவே ஒன்று. யாரோ 128 கேபிபிஎஸ்ஸில் சுருக்கி, இன்னொருவர் அதையே திரும்பச் சுருக்கிய பாட்டு நல்ல ஸ்பீக்கரில் முன்னைவிட மோசமாகக் கேட்கும். செட் மாற்றிய பிறகு பாட்டு கெட்டுப்போச்சு என்று சண்டைக்கு வந்தவர் உண்டு. அவருக்கு 320-இல் உள்ள அதே பாட்டைப் போட்டுக் காட்டித்தான் அனுப்பினேன்.

எங்க ஜீப்புக்குக் கதவே கிடையாது. ஸ்பீக்கரை எங்க வைக்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. விடிவதற்கு முன்னால் கம்பத்திலிருந்து கிளம்பி, கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடு, புளியமலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்குப் பாட்டு இல்லாமல் முடியாது. அவற்றுக்குக் கார்க் கணக்கு எதுவும் ஒத்துவராது. மூடிய காருக்குள் கண்ணாடி ஏற்றியிருந்தால் அந்தச் சின்ன அறையே பேஸைத் தாங்கிப் பிடித்துப் பெருக்கும். ஜீப்பில் அது பக்கவாட்டில் பறந்துவிடும். அதனால் ஜீப்பில் அடி பேஸைத் துரத்தாதீர்கள். குரலும் நடு ஒலியும் தெளிவாக வரும் ஸ்பீக்கரை வைத்து, அதை ஆட்கள் பக்கம் திருப்புங்கள்.

இடம் என்றால், டேஷ்போர்டுக்கு அடியில் மரப்பெட்டிக்குள் இரண்டு. பின்னால் ஆள் உட்காரும் பலகைக்கு அடியில் வைக்கக் கூடாது. சேற்றுக் காலும் சாப்பாட்டுத் தூக்கும் மோதி ஒரே மாதத்தில் கூம்பு கிழியும். பின்பக்க மேல்கம்பியில் இறுக்கிக் கட்டும் உருளைப் பெட்டி ஸ்பீக்கர் நல்லது. காகிதக் கூம்பு வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் ஓரமும் பாருங்கள். படகுக்கென்று வரும் மெரைன் ஸ்பீக்கர் விலை கூடுதல்தான். ஆனால் இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிறதே.

செட்டைப் பொறுத்தவரை ஜீப்புக்குத் திரை வேண்டவே வேண்டாம். பட்டன் உள்ள சிங்கிள் டின், பின்னால் ஒரு இரும்புப் பட்டையால் தாங்கு. முன்பக்க நான்கு கிளிப்பில் மட்டும் தொங்கும் செட், தோட்டப் பாதையில் ஆறு மாதம் குலுங்கினால் பின்பக்கக் கப்ளர் (வயர் செருகும் இணைப்பு) தளர்ந்து விட்டுவிட்டுப் பாடும். டிரைவர் ஒவ்வொரு முறையும் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் பாடும் செட்டு எதுவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பேஸ் வேணும் அண்ணே. பேஸ் டியூபா, சீட்டுக்கு அடியில வைக்கிறதா, பெரிய பெட்டியா?

டிக்கியில் சாமான் வைப்பீர்களா என்று முதலில் கேட்பேன். தோட்டத்து மூட்டையும் தேனிச் சந்தைக் காய்கறியும் ஏறும் வண்டிக்கு 12 இன்ச் பெட்டி நிலைக்காது. சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆம்ப்போடு சேர்ந்த சின்ன ஊஃபர் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்), இடம் அடைக்காமல் பாட்டின் அடித்தளத்தை நிரப்பும். ஜன்னலை அதிர வைக்காது. பேஸ் டியூப், அதாவது குழாய் வடிவப் பெட்டியில் வரும் ஊஃபர், மலிவு, சத்தம் உண்டு, ஆனால் பலவற்றில் ஒரே ஒரு சுரத்தில் மட்டும் ‘பூம் பூம்’ என்று அடிக்கும். தவில் அடித்தாலும் பூம், பேஸ் கிடார் வாசித்தாலும் பூம். மூடிய பெட்டியில் வைக்கும் 10 இன்ச் ஊஃபர்தான் அடியும் ஒழுங்காக, தாளமும் தெளிவாகக் கேட்க என் சிபாரிசு.

ஊஃபர் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதபடி ஹைபாஸ் வடிகட்டியைப் போடுவது. செட் மெனுவிலேயே இருக்கும். பேஸ் வேலையை ஊஃபர் எடுத்துக்கொள்ள, கதவு ஸ்பீக்கர் மூச்சு வாங்காமல் பாடும். பெட்டி மாட்டிய கடைகளில் பாதி இதைத் தொடுவதில்லை.

ஆம்ப் வச்சா பேட்டரி இறங்கிடுமா?

எஞ்சின் ஓடும்போது கரண்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர், அதனால் அளவான ஆம்ப்புக்குப் பயமில்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பதில்தான் விஷயம். சின்னக் காரில் பேட்டரி 35 ஆம்பியர் மணி என்று வையுங்கள். செட் மட்டும் நிதானமாகப் பாடினால் 3 ஆம்பியர் எடுக்கும், இரண்டு மணி நேரத்துக்கு 6 போகும், வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆம்ப்பும் சேர்ந்து 10 ஆம்பியர் எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் 20 காலி. பழைய பேட்டரி என்றால் தள்ள ஆள் தேட வேண்டியதுதான். தேக்கடி பார்க்கிங்கில் பயணிகள் படகு ஏறிப் போயிருக்கும் நேரம் முழுக்கப் பாட்டுக் கேட்கும் டாக்சி டிரைவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வயர்ல என்ன இருக்கு? கரண்ட் போனா சரிதானே?

கடை போட்ட புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பழைய இண்டிகாவுக்கு ஆம்ப் வைத்தேன். பேட்டரியிலிருந்து வந்த வயரை பானெட்டுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒரு ஓட்டை வழியாக உள்ளே விட்டேன். ஓட்டையில் ரப்பர் வளையம் போடவில்லை. ஃபியூஸ் போட்டேன், ஆனால் ஆம்ப் பக்கத்தில். நான்கு மாதம் ஓடியது. தகட்டு விளிம்பில் வயர் உரசி உரசி, ஒரு நாள் லோயர் கேம்ப்புக்கு மேலே மின் நிலையக் குழாய்கள் தெரியும் வளைவில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. வண்டிக்காரர் விவரமானவர். நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிவிட்டார். உள்ளே கார்ப்பெட்டில் வயர் போன வழி முழுக்கக் கருகிய கோடு. அந்த வயர் இன்னும் என் கடை ஆணியில் தொங்குகிறது. மேலுறை கருவாட்டுத் தோல் மாதிரி சுருண்டிருக்கும்.

ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால் அது பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தகட்டை எங்கே தாண்டினாலும் ரப்பர் வளையம். வயர் வாங்கும்போது முழுச் செம்பா, அலுமினியத்துக்குச் செம்பு முலாமா என்று கேளுங்கள். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அது தப்பில்லை, ஆனால் அதே கரண்டுக்கு ஒரு அளவு தடிமனாக வாங்க வேண்டும். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு வேண்டாம். வெயிலில் பசை இளகி டேப் பிரிந்துவிடும். சால்டர் அல்லது கிரிம்ப் (உலோக முனையை நசுக்கி இறுக்குவது), மேலே சூடு காட்டினால் சுருங்கும் குழாய்.

கம்பெனி செட்டைக் கழட்டாம சத்தத்தை மட்டும் கூட்ட முடியுமா? வாரண்டி போயிடும்னு பயம்.

முடியும். ஏசி, கேமரா, ஸ்டியரிங் பட்டன் எல்லாம் திரையோடு பின்னிக்கிடக்கும் புதிய வண்டிகளில் இதுதான் புத்திசாலித்தனமும்கூட. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்குங்கள். கம்பெனி செட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரையே அது உள்ளே வாங்கி, பெருக்கி, ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். வயரை வெட்டாமல், அந்த மாடலுக்கான ஆண் பெண் கப்ளர் ஜோடியை நடுவில் செருகிச் செய்யச் சொல்லுங்கள். வண்டியை விற்கும்போது உருவிவிட்டால் பழைய நிலை. வெட்டிய வயர் எரிந்தால் வாரண்டி மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. கம்பெனி செட்டுகள் சில, சத்தம் ஏற ஏறப் பேஸைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், தன் சின்ன ஸ்பீக்கரைக் காப்பாற்ற. ஆம்ப் வைத்த பிறகும் அந்தக் குறைப்பு தொடரும். அப்படிப்பட்ட வண்டியில் செட்டின் சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் வைத்து, ஆம்ப்பின் கெயினை அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். கெயின் என்பது சத்தம் கூட்டும் குமிழ் இல்லை. செட் அனுப்பும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது. அதை முழுக்கத் திருகி வைத்தால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, ட்வீட்டர்தான் முதலில் உயிரை விடும்.

காப்பீட்டையும் கேட்பார்கள். வண்டி வாங்கிய பிறகு மாட்டிய சாமானைப் பாலிசியில் தனியாகச் சேர்த்தால்தான் திருட்டுக்கும் விபத்துக்கும் பணம் வரும். அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது வழக்கம். 25,000 ரூபாய் சாமானுக்கு ஆயிரம் ரூபாய். பில்லை வைத்திருங்கள்.

ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல ‘உய்ய்ய்’னு சத்தம் ஏறுது. செட் போச்சா?

செட் போகவில்லை. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டர் சத்தம், எர்த் வழியாக நுழைகிறது. ஆம்ப்பின் எர்த் வயரைப் பாருங்கள். பெயின்ட் மேல் திருகியிருப்பார்கள், அல்லது சீட் பெல்ட் போல்ட்டில் சுற்றியிருப்பார்கள். இரண்டுமே தப்பு. தகட்டைச் சுரண்டிப் பளபளவென்று தெரிந்த பிறகு, அரை மீட்டருக்குள் உள்ள வயரால் தனி போல்ட்டில் இறுக்க வேண்டும். அடுத்தது, சிக்னல் வயரும் பேட்டரி வயரும் ஒரே பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். ஒன்று இடது ஓரம், மற்றது வலது ஓரம்.

போனைச் செட்டோடு இணைக்கும் ஆக்ஸ் வயரில் பாடும்போது, போன் சார்ஜில் இருந்தால் மட்டும் கீச்சிடுகிறதா? சார்ஜரைப் பிடுங்குங்கள், நிற்கும். அது மலிவுச் சார்ஜரின் வேலை.

எல்லாம் புதுசா மாட்டியாச்சு. ஆனா பழசுல இருந்த பேஸ்கூட இல்லையே?

ஒரு கதவில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது, பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. செட்டில் பேலன்ஸை ஒரே பக்கம் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் கூடினால் சந்தேகமே இல்லை.

உறுதி செய்ய, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் போதும். ஸ்பீக்கர் வயரைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு, செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். ‘டக்’கென்று கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் குறி மாறியிருக்கிறது. ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள். குறி சரியாக இருந்தும் பேஸ் இல்லையென்றால், கதவுக்குள் இருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு ஒட்டாமல் மூடியிருப்பார்கள். அது மழைத் தண்ணீருக்கும் தடுப்பு.

லாரிக்கு இதே செட்டைப் போடலாமா?

லாரி 24 வோல்ட். நேராகக் கொடுத்தால் செட் அன்றே காலி. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுக்கலாம் என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. எடுத்தால் அந்த பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அதிகச் சார்ஜில் கொதிக்கும், இரண்டும் சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர், குறைந்தது 10 ஆம்பியர். பிக்கப், மேக்சிகேப் எல்லாம் 12 வோல்ட்தான், அவற்றுக்கு இது வேண்டாம்.

சாமான் கம்பத்துல மலிவா, குமுளியில மலிவா?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வரி தமிழ்நாட்டுக் கம்பத்திலும் கேரளக் குமுளியிலும் ஒன்று. நடுவில் 2019 ஆகஸ்ட்டிலிருந்து இரண்டு வருஷம் கேரளாவில் வெள்ள நிவாரணத்துக்கு 1 சதவீதம் கூடுதல் இருந்தது, அதுவும் முடிந்தது. கோளாறு வந்தால் எந்தக் கடைக்கு நடந்து போக முடியுமோ அங்கே வாங்குங்கள்.

செட் போட்ட வண்டியோட கேரளாவுக்குள்ள போனா செக்போஸ்ட்ல பிடிப்பாங்களா?

சொந்தக் காரில் செட்டும் ஸ்பீக்கரும் இருப்பதற்காக யாரும் பிடிக்கப் போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. செட் அதில் வராது. டூரிஸ்ட் வேன், பஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் பள்ளிப் பிள்ளைகளோடு போன டூரிஸ்ட் பஸ் மோதி 9 பேர் இறந்ததிலிருந்து, கண்ணைப் பறிக்கும் விளக்குக்கும் இடிக்கும் சவுண்டுக்கும் அங்கே சோதனை கடுமை. சபரிமலைப் பருவத்தில் வேன் ஓட்டுகிறவர்கள் பெட்டி பெட்டியாக ஊஃபரை அடுக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஓட்டும்போது திரையில் படம் ஓடக் கூடாது என்பது இரண்டு மாநிலத்துக்கும் பொது. அதற்காகத்தான் செட்டில் ஹேண்ட்பிரேக் வயர் என்று ஒன்று இருக்கிறது, பிரேக் போட்டிருந்தால் மட்டும் படம் ஓட விடும். அதை எர்த்தில் கட்டி ஏமாற்றித் தரச் சொல்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. அப்புறம், இரவு 10 முதல் காலை 6 வரை கண்ணாடியை இறக்கிவிட்டு அலற விடாதீர்கள். குமுளி தாண்டினால் ரோட்டோரம் காடு.

வெளியூர்ல மாட்டின செட்டு. ரெண்டு நாள் வண்டி எடுக்கலைன்னா பேட்டரி டவுன். எங்க தப்பு?

செட்டுக்கு இரண்டு பிளஸ் வயர் வரும். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்கும், நினைவைக் காக்க. சிவப்பு சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும். சாவி வயரைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் செட் தூங்கவே தூங்காது. இரண்டும் இடம் மாறியிருந்தால் பேட்டரி இறங்காது, ஆனால் சாவியை எடுத்ததும் நேரமும் ஸ்டேஷன்களும் அழிந்துவிடும். இந்த நிறங்கள் வெளியில் வாங்கும் செட்டுக்குத்தான். வண்டிக் கம்பெனி வயரின் நிறம் வேறாக இருக்கலாம், நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால், செட் பாடும்போது ஆம்ப்பை எழுப்பிவிடும் ரிமோட் வயரைப் பாருங்கள். செட்டின் நீலம் வெள்ளை வயரில் இல்லாமல் நேரே பேட்டரியில் கொடுத்திருப்பார்கள். சாவியை எடுத்து, எல்லாக் கதவையும் பூட்டி, அரை மணி நேரம் விட்டு, பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் முள் இறங்குகிறதோ, அந்த வழியில்தான் யாரோ அவசரமாக டேப் சுற்றியிருப்பார்கள்.